மடக்குக் கத்தி வாங்கும்முன் பூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வேலைக்கருவிகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். டிரில், ஸ்பேனர் பற்றி எழுதியிருந்ததெல்லாம் எனக்குச் சரியாகவே பட்டது. மடக்குக் கத்தி பற்றிய பத்தியில்தான் மனம் ஒப்பவில்லை. எஃகின் பெயரைப் பார்த்து வாங்குங்கள், பெரிய பெயராக இருந்தால் நல்ல கத்தி, விலை குறைந்ததை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று அதில் இருந்தது. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு கத்தியின் படம். அந்தக் கத்தி மூடியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் 24 வருடமாகக் கட்டடங்களில் வயரிங் வேலை செய்கிறேன். கேபிளின் மேலுறையை உரிப்பது, அட்டைப்பெட்டி பிரிப்பது, பிளாஸ்டிக் டை அறுப்பது, அறுத்த குழாயின் விளிம்பில் பிசிறு எடுப்பது, டேப்பைக் கிழிக்காமல் நறுக்குவது என்று நாள் முழுக்கக் கத்தி கையில்தான் இருக்கும். கத்தி சேகரிப்பவன் இல்லை. இத்தனை வருடத்தில் ஒன்பது கத்தி வாங்கியிருக்கிறேன். அதில் மூன்று வீண். ஒன்று என் விரலை வெட்டியது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

வேலைக்கு வந்து ஒன்பதாவது வருடம். நாலு கோர் கேபிள் ஒன்றின் மேலுறைக்குள் கத்தி முனையைச் செருகி நீளவாக்கில் கீறிக்கொண்டு வந்தேன். பாதியில் முனை மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கக் கத்தியைப் பின்பக்கமாக நெம்பினேன். அதுவரை கூர்ப்பக்கம் இருந்த விசை அந்த ஒரு கணத்தில் கத்தியின் முதுகில் விழுந்தது. திறந்த பிளேடை மடங்காமல் பிடித்திருக்கும் பூட்டு நழுவியது. பிடியைச் சுற்றியிருந்த என் ஆள்காட்டி விரல் மேலேயே பிளேடு மடங்கியது. நடு மூட்டுக்குச் சற்றுக் கீழே ஏழு தையல். தசைநாண் பாதி அறுந்திருந்தது. மூன்று மாதம் ஸ்க்ரூடிரைவரை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கத்தியை அப்படி நெம்பியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டு என்று ஒன்றை வைப்பதே அந்த மாதிரி நேரத்துக்காகத்தானே?

கை ஓரளவு சரியானதும் அந்தக் கத்தியைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடில் ஒரு குறையும் இல்லை. கட்டுரையாளர் பாராட்டியிருக்கும் டி2 எஃகு என்று அதன் மேல் பொறித்திருந்தது. கூரும் நன்றாக நின்றது. உள்ளே பூட்டுத் தகடுதான் தகரம் போல மெல்லிதாக இருந்தது. பிடிக்குள் இருக்கும் பிளேடின் அடியை அது ஒரு மயிரிழை அளவுதான் தொட்டுக்கொண்டிருந்தது. தொடும் இடத்தில் சிமெண்ட் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. கடையில் வாங்கும்போதே இதைப் பார்த்திருக்கலாம். எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மழுங்கினால் கல்லில் தீட்டலாம். முனை உடைந்தால் தேய்த்துப் புது முனை எடுக்கலாம். பிடி வழுக்கினால் டேப் சுற்றலாம், பிளேடு மடங்கித் திரும்பும் அச்சு தளர்ந்தால் திருகலாம். பூட்டு மோசமாக இருந்தால் மட்டும் வாங்கியவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே கையில் இருக்கும் பணத்தைப் பூட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், எஃகின் பெயருக்குக் கொடுக்கக் கூடாது. இதை மட்டும் பார்த்து வாங்கினால் விலை அதிகமில்லாத கத்திகளிலேயே வருடக்கணக்கில் உழைப்பவை கிடைக்கின்றன.

பூட்டில் பல வகை உண்டு. என் விரலை வெட்டியது லைனர் லாக். கைப்பிடிக்குள் இரண்டு பக்கமும் உலோகத் தகடு இருக்கும். அதில் ஒரு தகட்டை நீளவாக்கில் வெட்டி உள்பக்கமாக வளைத்து விட்டிருப்பார்கள். பிளேடு முழுதும் திறந்ததும் அந்தத் தகடு ஸ்பிரிங் போலத் தாவி, பிளேடின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். மூட வேண்டுமானால் கட்டைவிரலால் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். இது பழைய யோசனைதான். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். செய்வது எளிது, ஒரு கையால் திறந்து மூடலாம். அதனால் விலை குறைந்த கத்திகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. நன்றாகச் செய்த லைனர் லாக் நல்ல பூட்டு. தகட்டின் முனையும் பிளேடின் அடியும் சந்திக்கும் சரிவு சரியாக அமைய வேண்டும், அவ்வளவுதான். சரிவு கூடிப்போனால் நழுவும், குறைந்தால் இறுகிப்போய் விரலால் தள்ள முடியாது. அந்த நுணுக்கத்தில் கை வைத்து மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் ஆபத்தான கத்தியை விற்கிறார்கள்.

முதுகுப் பக்கம் பூட்டுகிற லாக்பேக் வகை எனக்கு இன்னும் பிடிக்கும். கைப்பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் இருக்கும். பிளேடு திறந்ததும் அதன் கொக்கி பிளேடின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து உட்காரும். 1964-இல் வந்த பக் 110 இந்த வகையைப் பரவலாக்கிய கத்தி. இன்னும் செய்கிறார்கள். எடைதான் 200 கிராமுக்கு வந்துவிடும், சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். லாக்பேக்கில் தூசி விழுந்தால் அந்தப் பள்ளத்தில் போய் அடையும். பள்ளம் நிரம்பினால் கொக்கி பாதிதான் இறங்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பல்குச்சியால் பள்ளத்தைச் சுரண்டி விடுவேன். சிமெண்ட், ஜிப்சம் தூசியில் வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

இன்னொரு பூட்டு இருக்கிறது. அதைவிட எளிதான பூட்டை நான் பார்த்ததில்லை. பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. அதன் கழுத்தில் ஓர் உலோக வளையம். பிளேடைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் போதும், பிளேடு மடங்காது. வளையம் 1955-இல்தான் வந்தது, அதற்கு முன் பூட்டே கிடையாது. ஒரு மரத்துண்டு, ஒரு பிளேடு, ஓர் ஆணி, இரண்டு வளையம், கத்தியே அவ்வளவுதான். விலையும் குறைவு, பிளேடும் மெல்லியது என்பதால் அட்டையை இது அறுப்பது போல என்னுடைய மற்ற கத்தி எதுவும் அறுப்பதில்லை. குறையும் உண்டு. மரம் ஈரம் குடித்தால் ஊதி, பிளேடைத் திறக்க நகம் உடையும். இரண்டு கையாலும்தான் திறக்க வேண்டும். ஏணி மேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு அது ஒத்துவராது. தரையில் நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், 8-ஆம் எண் ஒப்பினெல் வாங்குங்கள் என்று. பிளேடு எட்டரை சென்டிமீட்டர்.

பூட்டே இல்லாத பேனாக்கத்தி வகையையும் தள்ளிவிடக் கூடாது. முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் பிளேடு நிற்கும். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்ததுதான் விக்டோரினாக்ஸ். அவர்கள் சின்னக் கத்தியில் பெரும்பாலும் பூட்டு கிடையாது. அதில் ஒரு நன்மை இருக்கிறது: பூட்டு இல்லை என்று தெரிந்தே பிடிப்பதால் கை தானாகவே ஜாக்கிரதையாக இருக்கும். நான் பயப்படுவது பூட்டு போல நடிக்கிற பூட்டுக்குத்தான்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் கத்தியை முழுதும் திறந்து, வெளிச்சத்தில் பூட்டின் உள்பக்கத்தைப் பார்ப்பேன். லைனர் லாக்காக இருந்தால், தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். அடியின் அகலத்தை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்குக்குள் நின்றால் நல்லது. விளிம்பை மட்டும் தொட்டால் வேண்டாம். புதுக் கத்தியிலேயே எதிர்ப்பக்கத் தகடு வரை போய் முட்டினாலும் வேண்டாம். தேயத் தேயத் தகடு இன்னும் உள்ளே போக இடம் வேண்டும், அதற்கு இடமே மிச்சமில்லை என்று அர்த்தம். பிறகு பிடியை ஒரு கையிலும் பிளேடின் முதுகை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைப்பேன். பக்கவாட்டில் இம்மி ஆடினால் பரவாயில்லை, அச்சு ஸ்க்ரூவை இறுக்கினால் நின்றுவிடும். மேலும் கீழும் ஆடினால் பூட்டு சரியாக உட்காரவில்லை. அந்தக் கத்தியை மேசை மேல் வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பேன். ஒரே மாதிரியில் மூன்று நான்கு கத்தியை எடுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலை குறைந்த கத்திகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

அப்புறம் முதுகுச் சோதனை. பிளேடு மடங்கினாலும் மாட்டாதபடி எல்லா விரலையும் பிடியின் பக்கவாட்டில் தட்டையாக வைத்துக்கொண்டு, பிளேடின் முதுகை ஒரு மரக்கட்டையிலோ தடித்த புத்தகத்திலோ லேசாக இரண்டு தட்டுத் தட்டுவேன். லேசாகத்தான். ஓங்கி அடித்தால் நல்ல பூட்டும் கெட்டுப்போகும், கடைக்காரருக்கும் கோபம் வரும், அது நியாயமும்கூட. லேசான தட்டுக்கே நழுவுகிற பூட்டு உண்டு, நானே இரண்டு பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனையைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. அவர் வேண்டாம் என்றால் வாங்கிய அன்றே வீட்டில் செய்து பாருங்கள்.

கடைசியாக மூடிப் பார்ப்பேன். மூடிய கத்தியில் பிளேடு நடுவில் இருக்கிறதா, முனை வெளியே நீட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முனை ஒரு மில்லிமீட்டர் தெரிந்தாலும் அது பைக்குள் கை விடும்போது குத்தும். மூடிய கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்து ஓர் உதறு உதறினால் பிளேடு தானாக வெளியே வரக் கூடாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த மெக்கானிக், அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன், கத்தி வாங்கும்போது அதைக் காதருகே வைத்துத் திறந்து மூடுவார். "தம்பி, சத்தத்தைக் கேளு. டக்குனு ஒரே சத்தம் வரணும். கிர்ருனு இழுத்துக்கிட்டு வந்தா உள்ள ஏதோ உரசுது" என்பார். அவர் கத்தி பூட்டில்லாத பழைய வகை. 30 வருடம் தீட்டித் தீட்டி பிளேடின் அகலம் பாதியாகியிருந்தது. நான் முதன்முதல் பார்த்தபோது அது அப்படியே செய்யப்பட்ட மெல்லிய கத்தி என்றுதான் நினைத்தேன். எண்ணெய் போட்டு, துடைத்து, தோல் உறையில் வைத்துக்கொள்வார். அந்தக் கத்தியின் எஃகுக்கு என்ன பெயர் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எஃகு முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயரை மட்டும் வைத்து ஏமாறக் கூடாது என்கிறேன். பிளேடில் வெறுமனே "440" என்று பொறித்திருப்பார்கள். 440-இல் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. ஏ வகையில் கார்பன் முக்கால் சதவீதத்துக்குள், சி வகையில் ஒரு சதவீதத்தை ஒட்டி. இரண்டுக்கும் கூர் நிற்பதில் நிறைய வித்தியாசம். எழுத்தில்லாத 440 எதையும் சொல்லவில்லை. "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்பதும் அப்படித்தான். 420 என்ற சாதாரண எஃகையும் 420எச்சி என்பதையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது, பின்னதில் கார்பன் கூடுதல். 8சிஆர்13எம்ஓவி என்ற சீன எஃகு, 12சி27 என்ற ஸ்வீடன் எஃகு, இவையெல்லாம் நடுத்தர விலையில் வேலைக்குப் போதும். என்னை வெட்டிய கத்தியிலிருந்த டி2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் இருக்கும். கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்துவிடுவதால் வியர்வை பட்டால் துருப்புள்ளி விழும். தீட்டவும் அதிக நேரம் பிடிக்கும்.

பெயரைவிடப் பெரிய விஷயம் பதம். ஒரே எஃகைச் சூடாக்கி, தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து எடுக்கும் விதத்தில் ஒருவர் கையில் நல்ல கத்தியாகும், இன்னொருவர் கையில் தகரமாகும். மேலே சொன்ன பக் 110-இன் இன்றைய பிளேடு 420எச்சிதான். பட்டியலில் அது ஒன்றும் உயர்ந்த பெயரில்லை. பால் பாஸ் என்ற பதம் பிடிப்பதில் பேர் வாங்கிய நிபுணர் வகுத்த முறையில் அதைச் செய்வதால் அந்த எஃகுக்கு யாரும் எதிர்பார்க்காத உழைப்பு கிடைக்கிறது. பெட்டியில் ராக்வெல் கடினம், அதாவது எஃகு எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண், எழுதியிருந்தால் பாருங்கள். 56 முதல் 58 வரை இருந்தால் சாதாரணக் கல்லில் பத்து நிமிடத்தில் கூர் ஏற்றலாம், கீழே விழுந்தாலும் வாய் பொரிந்துபோகாது. 61, 62 என்று போனால் கூர் நிற்கும், ஆனால் தீட்டுவதற்கு வைரக்கல் தேட வேண்டியிருக்கும். தினமும் கையாளும் எனக்கு 57 போதும்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட வராத இன்னொன்று பிளேடின் கனம். முதுகில் மூன்று மில்லிமீட்டர் இருந்தாலும் கவலையில்லை. கூருக்குச் சற்று மேலே எவ்வளவு மெலிந்து வருகிறது என்பதுதான் வெட்டைத் தீர்மானிக்கும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிளேடை முதுகிலிருந்து கூர் நோக்கி மெதுவாகத் தடவி வாருங்கள், வாய்க்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மெலிந்துகொண்டே வந்தால் நல்லது. கடைசி வரை தடிப்பாக வந்து சட்டென்று கூராகியிருந்தால் அது அட்டையில் ஆப்பு போல இறுகும். எவ்வளவு தீட்டினாலும் அந்த இறுக்கம் போகாது. அட்டைப்பெட்டி சாதுவான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். காகிதக் கூழோடு களிமண்ணும் மண்துகளும் கலந்திருப்பதால் கேபிள் உறையைவிட அதுதான் கத்தியைச் சீக்கிரம் மழுக்கும்.

பாதி பிளேடுக்கு ரம்பப்பல் வைத்த கத்தியை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. கயிறு அறுக்கிறவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்குக் கல்லில் தீட்ட முடியாத அரைக் கத்தியைச் சுமப்பதுதான் மிச்சம். கேபிள் உறை மட்டுமே உரிக்கிறவர்களுக்குக் கிளிமூக்கு போல வளைந்த பிளேடு சௌகரியம். நான் நேர் பிளேடுக்கே பழகிவிட்டேன்.

தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த கத்தியை நல்ல கத்தியாக்குவது அதுதான். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள இரட்டைக் கல் ஒன்று போதும். கோணம் தெரியாமல்தான் பலர் தீட்டப் பயப்படுகிறார்கள். ஒரு தாளின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது 90 பாகை. ஒருமுறை மடித்தால் 45. இன்னொருமுறை மடித்தால் 22-க்குக் கொஞ்சம் மேல். அந்த மடிப்பைக் கல்லின் மேல் வைத்து, அதைவிடத் துளி சாய்வாகக் கத்தியைப் பிடித்தால் வேலைக்கத்திக்குச் சரியான கோணம் வந்துவிடும். கூரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பாகப் பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியை இன்னும் தூக்க வேண்டும், விளிம்பில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். முழுதாக அழிந்தால் அந்தக் கோணத்திலேயே கையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து கூரின் பக்கமாக வெளியே தள்ளித் தடவினால் நகத்தில் இடறுவது போல மெல்லிய தடை தட்டும். அடியிலிருந்து முனை வரை அது வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். இதற்குப் பொறுமையில்லாமல் திருப்பித் திருப்பித் தேய்ப்பதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. நைசுப் பக்கத்தில் முடித்த பிறகு மிச்சப் பிசிறை எடுக்க நான் உங்கள் பத்திரிகையைத்தான் பயன்படுத்துகிறேன். கல்லின் மேல் பழைய செய்தித்தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, கூர் பின்னால் இழுபடும்படி ஒவ்வொரு பக்கமும் பதினைந்து முறை இழுப்பேன். பிறகு இன்னொரு தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்ப்பேன். கிழியாமல், மாட்டாமல், சத்தமில்லாமல் இறங்கினால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சில் ஆணி அடித்திருப்பதைவிட ஸ்க்ரூ இருப்பது நல்லது, கழற்றிக் கழுவலாம். வெந்நீரும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும், காய்ந்ததும் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. அதிகம் விட்டால் தூசியைச் சேர்க்கும். பிடிக்குக் கண்ணாடி நார் கலந்த நைலான் நல்லது, வியர்வைக் கையில் வழவழப்பான ஸ்டீல் பிடி நழுவும். கட்டைவிரலால் திறக்க பிளேடில் வட்டத் துளை, பைக்குள் நிற்க ஒரு கிளிப், இரண்டையும் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981-இல் ஒரே கத்தியில் கொண்டுவந்தது. இன்று இவை எல்லா விலையிலும் கிடைக்கின்றன, ஏணியில் நிற்கிறவர்களுக்குப் பெரிய உதவி. பிளேடு ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் இருந்தால் போதும். பிளாஸ்டிக் பிடி என்பதற்காக மின்சாரம் உள்ள வயரைத் தொடவே கூடாது, அதற்கு 1000 வோல்ட் என்று முத்திரை குத்திய தனிக் கருவிகள் இருக்கின்றன. கத்தி பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டுள்ளதற்கு வேலை போன்ற தகுந்த காரணம் வேண்டும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் வைக்காதீர்கள்.

பிளேடை மாற்றிக்கொள்ளும் கட்டர் பற்றியும் கட்டுரையில் வரவில்லை. நாளெல்லாம் பெட்டி மட்டுமே பிரிக்கிறவர்களுக்கு மடக்குக் கத்தியைவிட அதுதான் சரி. மழுங்கினால் பிளேடை மாற்றினால் போதும், தீட்டத் தெரிய வேண்டியதில்லை. என்னிடம் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம் கட்டர்தான் கொடுக்கிறேன். கேபிள் வேலைக்கு வரும்போதுதான் மடக்குக் கத்தி.

இப்போது என்னோடு வேலை செய்கிற பெண், வயது 20, போன மாதம் தன் முதல் மடக்குக் கத்தியை வாங்கினாள். கடையில் அவள் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. ஐந்து கத்தியைத் திறந்து உள்பக்கம் பார்த்தாள். முதல் இரண்டைத் தள்ளினாள். மூன்றாவதைக் காதருகே வைத்து மூடினாள், யார் சொல்லிக்கொடுத்தார்களோ, நான் அந்தக் கதையை அவளிடம் சொன்னதாக நினைவில்லை. "இதுல தகடு நல்லா ஏறி நிக்குதுண்ணே" என்று திருப்பிக் காட்டினாள். அது அந்த ஐந்தில் விலை குறைந்ததிலிருந்து இரண்டாவது. பிளேடு வந்தபடியே சுமாராகத்தான் இருந்தது. அன்று மதியமே கல்லில் உட்கார்ந்து தீட்டிவிட்டாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மடக்குக் கத்தி பற்றி மறுபடி எழுதும்போது மூடிய கத்தியின் படத்தைப் போடாதீர்கள். கத்தியைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து, பிடியின் உள்பக்கம் தெரியும்படி அருகிலிருந்து ஒரு படம் எடுங்கள். பூட்டுத் தகடு பிளேடின் அடியை எந்த இடத்தில் தொடுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். நல்ல பூட்டு ஒன்று, மோசமான பூட்டு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. மோசமானதற்குப் படம் கிடைக்காவிட்டால் என்னைக் கேளுங்கள். அந்தப் பழைய கத்தி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் உங்கள் வாசகன்